கழுத்துக் குழாயோடு வீடு திரும்பும் குழந்தை: வீட்டில் நர்ஸ் ஏற்பாடு செய்வது எப்படி?

"அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் பெற்றோர் செய்வது, ஹோம் நர்சிங் ஏஜென்சிகளின் எண்களைத் தேடி வரிசையாக அழைப்பது. அந்த வேலை வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்துவிட்டு வீட்டுப் பராமரிப்புப் பணிக்கு வந்தவள் நான். இத்தனை வீடுகளைப் பார்த்ததில் தெரிந்தது ஒன்றுதான்: வீட்டுக்கு வரும் நர்ஸ் மாறிக்கொண்டே இருப்பார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பட்டியலில் பெயர் வந்தால் ஒருவர் கிளம்புவார். வளைகுடாவுக்கு விசா வந்தால் இன்னொருவர். கல்யாணம், பிரசவம், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மற்றவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, இன்றிரவு முதல்முறையாக உங்கள் வீட்டுப் படியேறும் ஒரு நர்ஸ்கூடக் குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி வீட்டைத் தயார் செய்வதே இதில் பெரிய வேலை. கீழே சொல்வதெல்லாம் அந்தப் புதிய நர்ஸை மனத்தில் வைத்துத்தான்.

கழுத்தில் டிரக்கியாஸ்டமி குழாய், மூக்கிலோ வயிற்றிலோ உணவுக் குழாய், ஆக்சிஜன், அடிக்கடி வரும் வலிப்பு, சிலருக்கு வென்டிலேட்டர் என்று தமிழ்நாட்டில் வீடு திரும்பும் குழந்தைகளுக்கான வழிகாட்டி இது. உங்கள் குழந்தைக்கு இவற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கலாம், பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தளவு, ஆக்சிஜன் அளவு போன்றவற்றில் உங்கள் டாக்டர் எழுதித் தருவதே கடைசி வார்த்தை.

முதல் படி: வார்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள்

நம் ஊர் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பெற்றோரை அதிக நேரம் விடுவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பழகிய அம்மாவின் கையில் திடீரென்று ஒருநாள், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாயைக் கொடுத்தால் கை நடுங்கத்தான் செய்யும். டிஸ்சார்ஜ் பேச்சு எழுந்த அன்றே, "எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், தினமும் உள்ளே விடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். டாக்டரிடம் அனுமதி வாங்குங்கள். பாடத்தை வார்டு செவிலியரிடம் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பல முறை அந்த வேலையைச் செய்பவர் அவர்தான்.

குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் அம்மா என்றால் இன்னொருவர் அப்பாவோ சித்தியோ மாமாவோ, யாராக இருந்தாலும் சரி; அதே வீட்டிலோ நடந்து வரும் தூரத்திலோ இருப்பவராக இருக்க வேண்டும். சக்‌ஷன் செய்வது, குழாயைக் கட்டியிருக்கும் நாடாவை மாற்றுவது, குழாயையே மாற்றுவது, உணவுக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, கையால் அழுத்தும் அம்பு (Ambu) பையால் மூச்சு கொடுப்பது, குழந்தைகளுக்கான உயிர்காப்பு முதலுதவி ஆகியவற்றை இருவரும் தங்கள் கையாலேயே பலமுறை செய்து காட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தது கணக்கில் வராது.

சக்‌ஷன் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வீடுகளில் நான் பார்க்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கின்றன. கழுத்துக் குழாயின் நீளம் வரைக்கும்தான் சக்‌ஷன் குழாய் உள்ளே போக வேண்டும். அந்த நீளத்தை முன்கூட்டியே அளந்து, அளவைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தடுக்கும் வரை உள்ளே தள்ளினால் மூச்சுக்குழாயின் சவ்வு புண்ணாகும், ரத்தம் கசியும். உள்ளே விட்டு வெளியே எடுப்பது வரை 10 விநாடிக்குள் முடிய வேண்டும். சக்‌ஷன் குழாயின் எண், கழுத்துக் குழாயின் எண்ணைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது வார்டுகளில் சொல்லும் கணக்கு: 4.0 குழாய்க்கு 8ஆம் எண் சக்‌ஷன் குழாய். சளியை இளக்குகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சலைன் விடும் பழக்கமும் வேண்டாம். டாக்டர் சொன்னால் மட்டும் விடுங்கள்.

வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு முழு நாள், இரவும் சேர்த்து, வார்டிலோ தனி அறையிலோ குழந்தையை நீங்களே பார்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். செவிலியர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். தாமாக வந்து கை வைக்க வேண்டாம். அந்த ஒரு இரவில் உங்களுக்கு எது தெரியவில்லை என்பது வெளியே வந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள மருத்துவமனையைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

இரண்டாம் படி: ஒரு பக்கத் தாள்

டிஸ்சார்ஜ் சம்மரி பல பக்கங்கள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அதைப் புரட்ட யாராலும் முடியாது. அதிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை நீங்கள் உருவாக்க வேண்டும். டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து, கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே குழந்தையின் பெயர், வயது, எடை, ரத்த வகை, ஒவ்வாமை. அடுத்து நோய், சுருக்கமாக. பிறகு குழாய்களின் வகை, எண், கடைசியாக மாற்றிய தேதி. அதன்பின், பலரும் எழுதாமல் விட்டுவிடும் பகுதி: இந்தக் குழந்தைக்கு எது வழக்கம் என்பது. நலமாக இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எவ்வளவு, தூங்கும்போது எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, அழும்போது உதடு கொஞ்சம் நீலமாவது வழக்கமா இல்லையா? எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆக்சிஜன் கூட்ட வேண்டும், எந்த எண்ணில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை டாக்டரே நிரப்பட்டும். குழந்தையின் வழக்கம் தெரியாத நர்ஸ் ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுவார், அல்லது எதற்கும் பயப்படமாட்டார்.

வலிப்பு இருந்தால்: எத்தனை நிமிடம் தாண்டினால் என்ன மருந்து, எவ்வளவு, எந்த வழியாக? பொதுவாக 5 நிமிடம் என்பதே எல்லை. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே வீட்டில் இருந்தால் எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று எண்ணால் எழுதுங்கள்.

மருந்துப் பட்டியலில் அளவை 'மில்லி' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே மருந்து கடையில் பல அடர்த்தியில் கிடைக்கிறது. பாராசிட்டமாலையே பாருங்கள்: 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் அடங்கிய சொட்டு மருந்தும் உண்டு. கடைக்காரர் பாட்டிலை மாற்றிக் கொடுத்தால் மில்லி அதேதான், மருந்து இரட்டிப்பாகிவிடும். மருந்தின் பெயர், அடர்த்தி, மில்லிகிராம், மில்லி நான்கையும் எழுதி, காலி பாட்டிலையும் கடைக்குக் கொண்டுபோங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்ச் மட்டுமே; சமையலறை ஸ்பூன் பக்கமே போக வேண்டாம்.

தாளின் கடைசி வரிகள் 108 ஊழியருக்கானவை. "இந்தக் குழந்தை கழுத்துக் குழாய் வழியாக மூச்சு விடுகிறது. ஆக்சிஜனைக் கழுத்துக் குழாயில் கொடுக்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டு முகவரி, அடையாளம், ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக உள்ளே வர முடியும் என்பதும் அதில் இருக்கட்டும். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும். வந்து இரண்டு நாளான நர்ஸுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

மூன்று பிரதிகள்: கட்டிலுக்கு மேலே ஒன்று, அவசரப் பெட்டியில் ஒன்று, கைப்பேசியில் படமாக ஒன்று.

மூன்றாம் படி: அறை, மின்சாரம், ஆக்சிஜன்

குளிர்சாதன வசதி இருக்கிறதா என்பதைவிட, கட்டிலின் மூன்று பக்கமும் ஆள் நிற்க இடம் இருக்கிறதா என்பது முக்கியம். சக்‌ஷன் இயந்திரம் நர்ஸின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிளக் பாயிண்ட் குறைவாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் பெட்டி மேல் பெட்டி என்று போடாமல் எலக்ட்ரீஷியனை வைத்துப் புதிய பாயிண்ட் இழுத்துவிடுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கும்போது கவனியுங்கள்: பெரியவர்கள் விரலில் மாட்டும் கிளிப் கைக்குழந்தைக்குச் சரிவராது. காலில் சுற்றும் சென்சாரும் அலாரமும் உள்ளதாகப் பாருங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கழுத்துக் குழாய் உள்ள குழந்தைகள் பலருக்கு அழுகைச் சத்தம் வெளியே வராது. பக்கத்து அறையில் இருந்துகொண்டு "அழுதால் கேட்கும்" என்று நினைக்கவே கூடாது.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு அவசரப் பெட்டி. அதே எண் கழுத்துக் குழாய் ஒன்று, அதைவிட ஒரு எண் சிறியது ஒன்று, நாடா, கத்தரிக்கோல், ஜெல்லி, சக்‌ஷன் குழாய்கள், சலைன், சிரிஞ்ச், முகமூடியோடு அம்பு பை. குழந்தை பிசியோதெரபிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பெட்டி கூடவே போகும். ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் யாருக்கும் சலுகை கொடுக்காதீர்கள்.

இனி மின்சாரம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியைக் கணக்குப் போட்டால் 1,800 வாட்-மணி வரும். காகிதத்தில் ஐந்து மணி நேரம். நடைமுறையில், ஃபேனும் லைட்டும் சேர்ந்து ஓடும் இரண்டு வருடப் பேட்டரியில், மூன்று மணி நேரம் தாங்கினால் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் சென்னையின் தென்பகுதியில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஆகவே இன்வெர்ட்டரோடு நின்றுவிடாதீர்கள்; சிலிண்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். பி-டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். குழந்தைக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் 25 மணி நேரம், அரை லிட்டர் என்றால் 50 மணி நேரம். மழைக்காலத்துக்கு முன் சிலிண்டரை நிரப்பி வையுங்கள். சக்‌ஷன் இயந்திரத்துக்கும் பேட்டரியில் ஓடும் வகை ஒன்றும், காலால் மிதிக்கும் வகை ஒன்றும் இருந்தால் நிம்மதி. மிதிக்கும் இயந்திரத்துக்கு எந்தப் புயலும் பொருட்டில்லை.

உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரைப் பார்த்து, வீட்டில் உயிர்காப்புக் கருவி ஓடுகிறது என்று மருத்துவச் சான்றோடு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே சொல்லும்படி லைன்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணையும் சுவரில் எழுதிவையுங்கள்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கேற்றக் கூடாது, ஊதுபத்தி கூடாது, கொசுவர்த்தி கூடாது. சாம்பிராணியில் நெருப்பு அபாயம் மட்டுமல்ல, அதன் புகை குழந்தையின் நுரையீரலுக்கும் ஆகாது. எண்ணெய்க் கையோடு சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது. குளித்த பின் பவுடர் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது நேராகக் கழுத்துத் துளைக்குள் போகும். இதையெல்லாம் பாட்டியிடம் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்று அந்தத் தாளைக் காட்டுங்கள். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றிருக்கும் குழந்தைக்கு, "தொண்டை காய்ந்துபோயிருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர்தானே" என்று பாசத்தோடு வாயை நனைப்பவர்களுக்கும் அதே தாள்தான்.

நான்காம் படி: எத்தனை மணி நேரம் வேண்டும்?

இங்கேதான் ஏஜென்சியை அழைக்கிறோம். வழக்கமாக 12 மணி நேர ஷிப்ட், காலை 8 முதல் இரவு 8 வரை அல்லது மறுபக்கம். 24 மணி நேரமும் வைத்துக்கொள்ள வசதியுள்ள குடும்பங்கள் குறைவு. ஒரு ஷிப்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை வாங்குவது? பகலை என்பார்கள் பலர். அம்மா சமைக்க வேண்டும், அப்பா வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். இரவைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பகலில் அத்தை வருவார், அண்டை வீட்டார் வருவார்கள், போன் எடுக்க ஆள் இருக்கும். இரவில் யாரும் இல்லை. பல வாரங்கள் தூங்காத அம்மா மருந்தை இரண்டு முறை கொடுத்துவிடுவார், அலாரம் அடித்தும் எழமாட்டார். வாரத்தில் ஏழு இரவுக்கும் முடியாவிட்டால் மூன்று இரவாவது வாங்குங்கள்.

"24 மணி நேரம் தங்கும் நர்ஸ்" என்று ஏஜென்சி சொல்லும் ஏற்பாட்டைக் கழுத்துக் குழாய்க் குழந்தைக்கு ஏற்காதீர்கள். அவரும் மனிதர், இரவில் தூங்கத்தான் செய்வார். விழித்திருக்கும் நர்ஸ் வேண்டுமென்றால் அவருக்குப் பகலில் படுக்க இடமும் வீடும் வேறாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

நம் ஊரில் வீட்டுக்கு வரும் எல்லோருமே 'சிஸ்டர்'தான். ஆனால் ஏஜென்சி அனுப்பும் ஆள் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தவராக இருக்கலாம், மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ பெற்றவராக இருக்கலாம், இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படித்தவராக இருக்கலாம், சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளராகவும் இருக்கலாம். கட்டணப் பட்டியலில் இவர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் உண்டு, சீருடையில் இருக்காது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். சான்றிதழின் அசலைப் பாருங்கள். வென்டிலேட்டரிலோ கழுத்துக் குழாயோடோ இருக்கும் குழந்தைக்குப் பதிவு பெற்ற செவிலியர்தான் வேண்டும். உணவுக் குழாய் மட்டும் உள்ள, நிலையாக இருக்கும் குழந்தைக்கு நன்றாகப் பழக்கிய உதவியாளரே போதும் என்று உங்கள் டாக்டர் சொல்லக்கூடும். அப்போது கூடுதல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

படிப்பைவிட முக்கியம், குழந்தைகளைப் பார்த்த அனுபவம். முதியவர்களைப் பல ஆண்டுகள் நன்றாகக் கவனித்துக்கொண்டவர்கூட, ஆறு கிலோ குழந்தையிடம் வந்ததும் தடுமாறுவார். நேரில் வரச் சொல்லி இப்படிக் கேளுங்கள்:

"குழாய் முழுவதும் வெளியே வந்துவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்?" உதவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே தலைமாட்டில் உள்ள மாற்றுக் குழாயை உடனே பொருத்துவேன், போகவில்லை என்றால் சிறிய எண்ணை முயல்வேன் என்று தயங்காமல் சொல்பவர் வேலை தெரிந்தவர். "உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்" என்று தொடங்குபவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும். அவ்வளவு நேரம் அந்தக் குழந்தையிடம் இருக்காது.

"சக்‌ஷன் குழாய் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. என்ன அர்த்தம்?" குழாய் அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்ற பதில் வர வேண்டும்.

"மூக்கில் போட்ட உணவுக் குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" மூக்கின் அருகே உள்ள குறி நகரவில்லையா என்று பார்ப்பேன், கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் சோதிப்பேன், 5.5-க்கு மேல் இருந்தால் பால் கொடுக்க மாட்டேன் என்பது நல்ல பதில். காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பேன் என்று மட்டும் சொன்னால், அந்தப் பழைய முறை நம்பத்தக்கதல்ல என்று சொல்லிக்கொடுங்கள்.

ஒரு கேள்விக்குப் பதில் தெரியாதவர் "தெரியாது மேடம், காட்டுங்கள்" என்றால் நான் அவரைத் தேர்ந்தெடுப்பேன். எல்லாவற்றுக்கும் "பார்த்துக்கலாம்" என்பவரை மாட்டேன்.

ஆதார் நகல், முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளின் தொடர்பு ஆகியவற்றை வாங்கி, அந்த வீடுகளோடு பேசுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். கேமரா வைப்பதானால் சொல்லிவிட்டு வையுங்கள். ஒளித்து வைத்தது ஒருநாள் தெரிந்தால் நல்ல நர்ஸ்தான் முதலில் போவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் காசநோய்ப் பரிசோதனை முடித்த பிறகே வர வேண்டும். சளி பிடித்தால் அன்று விடுமுறை, சம்பளத்தோடு. சம்பளத்தைப் பிடித்தால் சளியை மறைத்துக்கொண்டு வருவார்.

ஏஜென்சியோடு ஒப்பந்தம்

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை சில. நர்ஸ் வராத நாளில் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று ஆள், அவருக்கும் அதே தகுதி உண்டா? முன்பணம் திரும்புமா? குழந்தை மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த நாள்களுக்குக் கட்டணம் உண்டா? நீங்கள் கொடுக்கும் தொகையில் நர்ஸின் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் கேளுங்கள். பலர் சொல்லமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். மிகக் குறைவாகப் போனால் அவர் மூன்று மாதம்கூட நிற்கமாட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லா நர்ஸும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போவார்கள் என்பதால் அந்த வாரங்களுக்கு உறவினர்களை வைத்து முறைப்பட்டியல் போடுவதை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பெண் நர்ஸ் இரவு 8 மணிக்கு எப்படி வருவார், காலையில் எந்த பஸ்ஸில் போவார் என்பது உங்கள் கவலையும்தான். சாப்பாடு, கழிப்பறை, உட்கார முதுகு சாயும் நாற்காலி, சூடான டீ இவற்றைக் கேட்டு வாங்கும் நிலைக்கு அவரை வைக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கவோ மூத்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடவோ சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் குழந்தையின் பக்கத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம்.

ஆறாம் படி: முதல் வாரம்

முதல் இரண்டு ஷிப்டுகளில் நீங்கள் கூடவே இருக்க வேண்டும். முதல் ஷிப்டில் நீங்கள் செய்யுங்கள், அவர் பார்க்கட்டும். இரண்டாவதில் அவர் செய்யட்டும், நீங்கள் பாருங்கள். நாடா மாற்றும்போது ஒரு விரல் நுழையும் அளவுதான் இடைவெளி இருக்கிறதா? பால் கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா, கொடுத்து அரை மணி நேரமாவது அப்படியே வைக்கிறாரா? கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுகிறாரா? சரியாக இருந்தால் மூன்றாவது ஷிப்டிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். தூங்குவதற்காகத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

ஒரு நீள நோட்டுப் புத்தகம் போதும். நேரம், ஆக்சிஜன் அளவு, சக்‌ஷன், சளியின் நிறம், கொடுத்த பால், கொடுத்த மருந்து, சிறுநீர், வலிப்பு, கையெழுத்து. மருந்தைக் கொடுத்த பிறகுதான் எழுத வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டுவைக்கும் பழக்கத்தைப் பார்த்தால் அன்றே நிறுத்துங்கள். இரவு முழுவதும் ஒரே கையெழுத்தில் ஒரே மாதிரி எண்கள் வரிசையாக இருந்தால், காலையில் உட்கார்ந்து எழுதியது என்று புரிந்துகொள்ளலாம். ஷிப்ட் மாறும்போது கட்டிலின் அருகே நின்று பதினைந்து நிமிடம் பேசி ஒப்படைக்க வேண்டும். போனில் சொல்வது போதாது.

பணமும் அரசு வழிகளும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டு நர்ஸின் சம்பளத்துக்கு அதில் வழியில்லை. தனியார் பாலிசி இருந்தால், வீட்டு நர்சிங் பற்றி எழுதியிருக்கிறதா, விலக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நம்பிக்கை வையுங்கள்.

வாங்கக்கூடியவற்றை விடாமல் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் சாவி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதற்கு அரசு மருத்துவமனையின் சான்று வேண்டும். படுக்கையில் உள்ள குழந்தையை அலைக்கழிக்காமல் என்ன செய்யலாம் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேதான் விண்ணப்பம். பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மருத்துவப் பரிசோதனை ஏதும் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள், தெரபிக்கும் புறநோயாளிச் செலவுக்கும்கூட உதவும். வருமான வரி கட்டும் பெற்றோர் பழைய வரி முறையில் இருந்தால், 80டிடி என்று அறியப்படும் கழிவில் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஷிப்ட் நர்ஸுக்கு அது மாற்றாகாது. ஆனால் நர்ஸே வைக்க முடியாத குடும்பத்துக்கு, பயிற்சி பெற்ற இரண்டு உறவினர்கள், இரவுக்கு முறைவைத்து ஒருவர், வாரம் ஒருமுறையோ இருமுறையோ எட்டிப் பார்க்கும் அரசுச் செவிலியர் என்ற ஏற்பாடு நடைமுறையில் நிற்கிறது, நான் பார்த்திருக்கிறேன். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் தெரபி இலவசம். பள்ளி வயது வந்ததும், 2012இல் திருத்திய கட்டாயக் கல்விச் சட்டப்படி, பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையைக் கேட்கலாம். சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார்.

மாதந்தோறும் செய்ய வேண்டியவை

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். சிலிண்டர் நிரம்பியிருக்கும் நாளில், வீட்டில் எல்லோரும் இருக்கும் பகலில். அம்பு பையில் ஓட்டை இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். மாற்றுக் குழாய்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படையுங்கள். தெருக் குப்பைத்தொட்டியில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும்.

குழந்தை வளரும். எடை கூடினால் மருந்தளவு மாறும், குழாயின் எண் மாறும், சக்‌ஷன் அளவு மாறும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே திருத்தி, புதிய தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய தாள்கள் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை வையுங்கள். கைப்பேசியில் இருக்கும் பழைய படத்தையும் அழித்துவிடுங்கள். அன்றிரவு வரும் நர்ஸிடம் என்ன மாறியது என்பதை வாயாலும் சொல்லுங்கள்.